கையில் மிஞ்சிய பெயர்

பொற்கொடியின் கையிலிருந்து முதலில் போன சொல் மழை.

ஐந்து விரல்களையும் விரித்து, மணிக்கட்டைத் தளர்த்தி, நுனிகள் துள்ளத் துள்ளக் கையை மேலிருந்து இறக்கினால் அது மழை. ஆம்பூரில் அந்த வருஷம் மழை தாமதமாகத்தான் வந்தது. மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பொற்கொடி ஓடிவந்து கணவன் மாசிலாமணியின் தோளைத் தட்டி, சொல்வதற்காகக் கையைத் தூக்கினாள். விரல்கள் விரியவில்லை. சேர்த்துக் கட்டிய குச்சிகள் மாதிரி ஒட்டியபடியே இறங்கின.

‘என்ன விழுந்தது?’ என்று மாசிலாமணி கேட்டார்.

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலைக் காட்டினாள்.

இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. பேச்செல்லாம் கைகளில்தான். அவர்கள் மகளுக்கு மட்டும் காது கேட்கும். அந்தச் சந்தோஷத்தில் மாசிலாமணியின் அக்கா குழந்தைக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பெயரால் பெற்றவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. குழந்தை பால் குடிக்கும்போது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே குடிக்கும். அதனால் கட்டைவிரலாலும் மோதிரவிரலாலும் காதுமடலைப் பிடித்து, பிறகு ஐந்து விரலையும் பூ மாதிரி விரிப்பது அவளுக்குப் பெயரானது. பொற்கொடி வைத்த பெயர்.

புறவழிச்சாலையில் இருந்த ஒரு காலணித் தொழிற்சாலையில் பொற்கொடிக்கு வேலை. ஷூவின் மேல்தோலைத் தைக்க வேண்டும். இடது கை தோலை வளைத்துக் கொடுக்கும், வலது கை ஊசிக்கடியில் தள்ளும். அங்கே ஒரு வரிசை முழுக்கக் காது கேளாத பெண்கள்தான். மெஷின் இரைச்சல் இவர்களை ஒன்றும் செய்யாது, வேலை நேரத்தில் கதை பேச மாட்டார்கள் என்று பார்வையிட வருகிறவர்களிடம் மேலாளர் பெருமையாகச் சொல்வார். அவர்களும் கதை பேசினார்கள். நூல்கண்டு மாற்றுகிற சாக்கில், தோல் துண்டு வரத் தாமதமாகிற இடைவெளியில், மாமியாரைப் பற்றியும் சீரியலைப் பற்றியும் மேலாளரின் தொப்பையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். அது பேச்சு என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாற்பது வயது ஆவதற்குள் பொற்கொடியின் கட்டைவிரல் அடிமூட்டுகள் வீங்கிவிட்டன. காலையில் விரல்களை வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நீட்ட வேண்டியிருந்தது. அந்த வரிசையில் எல்லோருக்கும் அதே கதிதான். அப்போதுதான் தொழிற்சாலைக்கு நவசந்தி என்ற மூட்டு ஊசி வந்தது. நலன் அதிகாரி கஜபதி, அந்தப் பெண்களின் வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். தேன்மொழி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவர் சொல்வதைக் கையில் மாற்றிச் சொல்ல அவளும் போயிருந்தாள்.

"மூட்டுக்குள்ள ஒரு நீர் இருக்குதும்மா, வண்டிக்கு ஆயில் மாதிரி. எலும்பு முனையில வழவழன்னு குருத்தெலும்பு. உங்க அம்மாவுக்கு ரெண்டுமே தேஞ்சு போச்சு. இந்த ஊசியில உயிருள்ள செல் கீது. அது உள்ள போய் உக்காந்துக்கினு, தேஞ்ச இடத்துல புதுசா போட்டுக்கினே இருக்கும். காசு எதுவும் வேணாம், கம்பெனியே பாத்துக்கும்."

உயிருள்ள செல்லுக்கு என்ன கை காட்டுவது என்று தேன்மொழிக்குத் தெரியவில்லை. ‘குட்டிக் குட்டிப் பெண்கள் உன் விரலுக்குள் உட்கார்ந்து தைப்பார்கள்’ என்று சொன்னாள். பொற்கொடி சிரித்துவிட்டாள். ‘அவர்களுக்கு விரல் வலித்தால்?’ என்று கேட்டாள்.

விரல்கள், மணிக்கட்டு, முழங்கை எல்லாவற்றிலும் ஊசி போட்டார்கள். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. பொற்கொடி பல வருஷத்துக்குப் பிறகு சொடக்குப் போட்டாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. மகள் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே மறுபடி மறுபடி போட்டாள். அந்த நாட்களில் அவள் நிறுத்தாமல் பேசினாள். வலிக்குமே என்று சேர்த்துவைத்திருந்த பேச்சையெல்லாம் பேசினாள். சமைத்துக்கொண்டே, ஈரக் கையோடு, சுவரெல்லாம் தண்ணீர் தெறிக்கப் பேசினாள்.

வலி போனதும் இரட்டை ஷிப்ட் வந்தது. தேன்மொழிக்குச் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். பொற்கொடி விடியும் முன்பே போய் இருட்டிய பிறகு வந்தாள். வரிசையில் இப்போது யாரும் கையை மெஷினிலிருந்து எடுப்பதில்லை. எடுக்கக் காரணமில்லை, வலி இல்லையே. வீட்டில் மாசிலாமணி இஸ்திரிக் கடையிலிருந்து வந்து சோறு வடித்து வைத்திருப்பார். சாப்பாடு, தூக்கம், வேலை, போதும், வா. அதற்கு மேல் பேச நேரமில்லை.

மழைக்குப் பிறகு கத்தரிக்காய் போனது. நிலா போனது. ‘பொய்’ போனது, ‘ஏன்’ போனது. எதுவும் வலித்துப் போகவில்லை. ஒரு நாள் தேவைப்பட்டுக் கையைத் தூக்கும்போது அந்த அசைவு அங்கே இருக்காது.

விடுதியில் இருந்த தேன்மொழிக்கு இது தெரிய வெகுகாலம் ஆயிற்று. அம்மாவுக்கு எழுத்து கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். வீடியோவில் வந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள், தூக்கம் என்பாள், போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். களைப்பு என்றுதான் மகள் நினைத்தாள். கையசைவைப் படித்துக் குரலில் சொல்லும் செயலி ஒன்று அப்போது எல்லாப் போன்களிலும் இருந்தது. ஒரு நாள் அம்மா ஏதோ நீளமாகச் சொல்ல முயன்றபோது, அந்தச் செயலி ஒரு பெண் குரலில் "தெளிவாக இல்லை, தெளிவாக இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்த பேருந்திலேயே தேன்மொழி ஊருக்கு வந்துவிட்டாள்.

வாசலில் அவளைக் கண்டதும் பொற்கொடி இரண்டு கைகளையும் தூக்கினாள். தூக்கிய கைகள் நெஞ்சுக்கு முன்னால் தோலைத் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றன. அவள் கைகளை இறக்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மாசிலாமணி மகளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னார். ‘என்மேல் கோபம் என்று நினைத்தேன். பேச மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நானும் முறைத்துக்கொண்டேன். எத்தனையோ நாள் நாங்கள் இரண்டு பேரும் பேசாமலே சாப்பிட்டோம். நான் ஒரு மடையன்.’

மறுநாள் தேன்மொழி தொழிற்சாலைக்குப் போனாள். கஜபதி அவளை அடையாளம் கண்டுகொண்டு டீ வரவழைத்தார். திரையில் பொற்கொடியின் விவரங்களைத் திறந்து காட்டினார்.

"இன்னாம்மா குறை? பிடிப்பு முழுசா கீது. தையல் வேகம் முன்னவிட ஜாஸ்தி. ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆவுல. வேலைக்குத் தேவையான அசைவு எல்லாம் சரியா கீதுன்னு ரிப்போர்ட்டே சொல்லுது பாரு."

"சார், அம்மாவால பேச முடியல."

"அவங்க எப்பவுமே பேச மாட்டாங்களே."

தேன்மொழி டீயைத் தள்ளிவைத்தாள். "கையாலதான் சார் பேசுவாங்க. அந்த வரிசையில இருக்கிற எல்லாருமே."

கஜபதி முதல்முறையாகக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அந்த வரிசையைப் பார்த்தார். பெண்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கைகளும் ஒரே மாதிரி தள்ளின, ஒரே மாதிரி வளைந்தன. அவர் முகம் மாறியது. ஆனால் சொன்னது இதுதான்: "இத நான் எந்தக் கட்டத்துல எழுதறது? மூட்டு வலின்னு இருக்குது, மூட்டு வீக்கம்னு இருக்குது. பேச்சுன்னு ஒண்ணு இல்லியேம்மா."

வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டு மருத்துவர் ஹஃப்ஸாவிடம் காட்டினார்கள். அவர் இரண்டு கைகளையும் படமெடுத்துச் சுவர்த்திரையில் பெரிதாக்கினார். எலும்புகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. மூட்டுகளில் பச்சையும் சிவப்பும் படர்ந்திருந்தன. டாக்டர் பேசப் பேச, தேன்மொழி பெற்றோருக்குக் கையால் சொன்னாள்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு தினுசு. விரல் நடுவுல இருக்கிறது கதவுக் கீல் மாதிரி, மடங்கும், நீளும், அவ்வளவுதான். விரலோட அடிமூட்டு அப்படி இல்ல. மடங்கும், விரியும், சின்னதா ஒரு வட்டம்கூடப் போடும். கட்டைவிரல் அடிமூட்டு ஒரு சேணத்து மேல இன்னொரு சேணத்தக் கவுத்து வச்ச மாதிரி, அதனாலதான் அது குறுக்கே வந்து மத்த விரல்களத் தொடுது. முழங்கையில ஒரு எலும்பு இன்னொண்ணு பக்கத்துல உருளுது, அப்பதான் உள்ளங்கைய மேல கீழ திருப்ப முடியும்." அவர் பொற்கொடியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இவங்க கையில இப்ப முக்காவாசி வெறும் கதவுக் கீல்தான்."

"எப்படி மேடம்? வலியே இல்லைங்கிறாங்களே."

"வலி இருக்காது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது தேன்மொழி. மூட்டு அசையணும், அமுங்கி விடணும், அப்பதான் அந்த நீர் உள்ள ஊறி அதுக்குச் சாப்பாடு போகும். நவசந்தி செல்லுங்க அந்த அசைவை மட்டுமே அளவா வச்சுக்குது. எந்த இடம் உராயுதோ அங்க நல்லா வழவழன்னு போடுது. உராயாத இடத்தைத் தேவையில்லாத இடம்னு நார் வச்சு மூடிடுது. தைக்கிற கைக்கு இதவிட நல்ல மூட்டு கடவுள்கூடக் கொடுக்க முடியாது. ஆனா தைக்க மட்டும்தான்."

"அப்ப அடிக்கடி சொன்ன வார்த்தை மட்டும்தான் இருக்கும்."

"ஆமா."

தேன்மொழி அதைப் பெற்றோருக்குச் சொன்னாள். பொற்கொடி தலையசைத்தாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துதான் இருந்தது.

டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வலது முழங்கைக்கு வந்ததும் நிறுத்தினார். திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினார். பிறகு சுண்டுவிரலையும் பெரிதாக்கினார்.

"இது வேடிக்கையா இருக்கே. முன்கை நல்லாத் திரும்புது. சுண்டுவிரல் மத்த விரலோட சேராமத் தனியா மடங்குது. ரெண்டுமே பளபளன்னு இருக்கு பாருங்க. தையல்ல இந்த அசைவு கிடையாது. தினமும், பல தடவை செய்யாம இப்படி இருக்கவே முடியாது." அவர் தன் சுண்டுவிரலைக் கொக்கி மாதிரி வளைத்து, நெஞ்சருகே வைத்து, கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். "இது என்ன வார்த்தை?"

தேன்மொழிக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பேசிய மொழியில் அவளுக்குத் தெரியாத சொல் அது ஒன்றுதான். அவள் அம்மாவைப் பார்த்தாள். பொற்கொடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மாசிலாமணி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மகள் போய் அவர் தோளைத் தொட்டாள். ‘அப்பா, அது என்ன?’

அவர் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, யாரும் பார்த்துவிடக்கூடாது என்பதுபோலச் சின்னதாகச் சொன்னார். ‘பெயர்.’

‘யார் பெயர்?’

‘உன் அண்ணன்.’

தனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பதை இருபது வயதில், ஒரு மருத்துவமனை ஜன்னலருகே தேன்மொழி தெரிந்துகொண்டாள். அவளுக்கு முன்னால் பிறந்தவன். அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே தூங்குவான். ஒரு வயது நிறைவதற்குள் மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டான். யார் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் சாவுக்கு வந்தவர்கள், காது கேட்காதவர்களிடம் பிள்ளையை விட்டால் இப்படித்தான் ஆகும், அழுதது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேசியதை உதடுகளில் படித்துவிட்ட மாசிலாமணி, இனி இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டார். அவள் சரி என்றாள். அதற்குப் பிறகு அவர் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை.

‘மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்’ என்றார் மாசிலாமணி. ‘மறந்தது நல்லது என்றுகூட நினைத்தேன்.’

தேன்மொழி அம்மாவுக்கு முன்னால் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ‘என் பெயரைச் சொல்லு’ என்றாள்.

பொற்கொடி கையைத் தூக்கினாள். கட்டைவிரல் குறுக்கே வரவில்லை. மூடிய கை காதில் போய் முட்டியது. அவள் இடது கையால் வலது விரல்களைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தாள். மறுபடி காதுக்குக் கொண்டுபோனாள். மறுபடியும் கை முஷ்டியாகவே முட்டி நின்றது.

"என்ன சொல்றாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"என் பேரு மேடம்" என்றாள் தேன்மொழி.

ஹஃப்ஸா திரையை அணைத்தார். பிறகு ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். உள்ளே சேர்ந்த செல்களையும் நாரையும் சேர்த்துக் கரைத்துவிட இன்னொரு ஊசி உண்டு. கரைத்த பிறகு சில மாதம் கைகளை அச்சில் கட்டி அசைக்காமல் வைக்க வேண்டும். அதன் பிறகு பழைய வலி திரும்ப வரும். பயிற்சி கொடுத்தால் விரல்கள் கொஞ்சம் விரியலாம், விரியாமலும் போகலாம். தையல் வேலைக்கு இனிப் போக முடியாது.

‘செய்துவிடலாம்’ என்றார் மாசிலாமணி உடனே. ‘செய்துவிடலாம் அம்மா’ என்றாள் மகள்.

பொற்கொடி இருவரையும் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள். கணவன் முன்னால், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, சுண்டுவிரலை வளைத்து நெஞ்சருகே திருப்பிக் காட்டினாள். புருவத்தை உயர்த்தினாள்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "அதுவும் போயிடும்மா" என்றார் ஹஃப்ஸா. "கரைக்கிற மருந்துக்கு எது வேணும் எது வேணாம்னு தெரியாது. கட்டின பிறகு எல்லாமே ஒண்ணுதான். திரும்பி எது வரும்னு என்னால சொல்ல முடியாது."

தேன்மொழி அதை அம்மாவுக்குச் சொன்னாள். பொற்கொடி இரண்டு கைகளையும் மடியில் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு மூடிக்கொண்டாள். கையெழுத்துக்கு நீட்டிய பேனாவை அவள் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிறவர்கள் ஒதுங்கிப் போகும்படி தேன்மொழி கையை வீசி வீசிக் கத்தினாள். ‘செத்துப்போனவனுக்காகவா? நான் இங்கே நிற்கிறேன். என் பெயர் வேண்டாமா உனக்கு? எனக்காகத்தானே அந்த மெஷினில் உட்கார்ந்தாய்? அப்புறம் என்னை எப்படித் தொலைத்தாய்? ஏன்?’

பொற்கொடி மகளின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் கோணியது. அவளுடைய கைகள் எழுந்தன, தோலைத் தள்ளின, விழுந்தன. மறுபடி எழுந்து, மறுபடி தள்ளின. அவளிடம் இருந்தவை சாப்பாடு, தூக்கம், வேலை, போதும், வா. அவள் அவற்றில் ஒன்றைத் தேடி எடுத்தாள். ‘போதும்’ என்றாள். பிறகு ‘சாப்பாடு’ என்றாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது. அவர்கள் வீட்டில் கதவை அறைந்து சாத்துவது அப்படித்தான்.

மாசிலாமணி மகளைப் பிடித்து நிறுத்தினார். ‘அவளைக் கேட்காதே. பதில் சொல்ல அவளுக்குக் கை இல்லை.’

கல்லூரிக்குப் போட்ட விடுப்பில் மிச்சமிருந்த நாட்களில் தேன்மொழி அம்மாவின் விரல்களை எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். இழுத்துப் பார்த்தாள். பொற்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கொடுத்தாள், ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றும் விரியவில்லை. திங்கட்கிழமை பொற்கொடி வேலைக்குப் போய்விட்டாள். அந்த வரிசையில் இன்னும் நான்கு பேரை அதே டாக்டரிடம் அனுப்பிவைக்கலாம் என்று தேன்மொழி வீடு வீடாகப் போனாள். அவள் என்ன கேட்கிறாள் என்பது நான்கு பேருக்கும் புரிந்தது. திருப்பிச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

தேன்மொழி சென்னைக்குத் திரும்பும் நாளில் மூவரும் பேருந்து நிலையத்துக்கு வந்தார்கள். வராந்தாவுக்குப் பிறகு அம்மாவும் மகளும் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளவே இல்லை. மாசிலாமணி பையை மேலே ஏற்றிவிட்டு இறங்கினார்.

"மெட்ராஸ், மெட்ராஸ்! போறவங்க ஏறும்மா, வண்டி எடுக்கப் போறோம்" என்று நடத்துநர் தகரத்தைத் தட்டினார்.

தேன்மொழி படியில் கால் வைத்தபோது யாரோ அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினாள். பொற்கொடி அவளைக் கீழே இறங்கச் சொன்னாள். ‘வா.’

இறங்கினாள்.

பொற்கொடி தன் சுண்டுவிரலைக் கொக்கியாக வளைத்தாள். நெஞ்சருகே வைத்துத் திருப்பினாள். பிறகு அந்தக் கையை அப்படியே நீட்டி, விரல்முட்டிகளால் மகளின் நெஞ்சில் தொட்டாள். தேன்மொழிக்குப் புரியவில்லை. பொற்கொடி மறுபடி செய்தாள். பெயர், பிறகு மகளின் நெஞ்சு. பெயர், நெஞ்சு. கண்களில் கெஞ்சல் இருந்தது.

இது நீ.

மாசிலாமணி கையை வாயில் வைத்துக்கொண்டு அப்பால் திரும்பினார்.

காது கேளாதவர்களிடையே ஒருவருக்குப் புதிதாகப் பெயர் வைத்தால், வாங்கிக்கொள்கிறவர் அதை ஒருமுறை தானும் செய்துகாட்ட வேண்டும். அப்போதுதான் அது அவர் பெயர். நடத்துநர் விசில் ஊதினார். தேன்மொழி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுண்டுவிரலை வளைத்து, தன் நெஞ்சருகே வைத்து, கையைத் திருப்பினாள்.

பொற்கொடி சரி என்று தலையசைத்தாள்.